சாட்சிக்கான கட்டம்

லிப்டில் இருக்கும் பிரேக், கார் பிரேக்கைப் போல அழுத்தினால் பிடிப்பதல்ல. அது எப்போதும் பிடித்தபடியே இருக்கும். மின்சாரம் பாய்ந்தால்தான் பிடியை விடும். மின்சாரம் நின்ற மறுகணம், ஸ்பிரிங்கின் விசையில் இரண்டு தாடைகளும் வந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேசையில் ஒரு தம்ளரை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கரண்டிகளைப் பிடித்துக் காட்டினார்.

"பாத்தியா மச்சான், நாம ஒண்ணுமே செய்யலன்னா அது பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நாமதான் கரண்டைக் கொடுத்து விட வைக்கிறோம்."

தம்ளர் காலியாக இருந்தது. அதற்கு முன் அதில் என்ன இருந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அத்தான் இருபத்திரண்டு வருடம் லிப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிரேக்கு'. எந்தக் கட்டடத்தில் லிப்ட் தளத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயோ கீழேயோ நின்றாலும், "பிரேக்கைக் கூப்பிடு" என்பார்கள். அவர் குடியிருந்த வீடோ லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. "ஊரையே ஏத்தி இறக்கறேன், என்னை ஏத்திவிட ஒரு ஆள் இல்ல" என்று ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் வண்டியில், அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் மறந்துபோனால் அவள் மிதிப்பாள். எங்கள் குடும்பத்தில் பிரேக்குக்கு என்றைக்குமே குறைச்சல் இருந்ததில்லை. நிற்கவேண்டியதுதான் நிற்கவில்லை.

முதலில் வேலை முடிந்த பிறகு குடித்தார். பிறகு வேலைக்கு நடுவில். பிறகு, வேலைக்குக் கிளம்புவதற்கே அது வேண்டியிருந்தது. பிள்ளை இல்லாததுதான் காரணம் என்றார்கள் சிலர். மேல்தளத்து மோட்டார் அறையின் சூடு என்றார்கள் சிலர். காரணத்துக்கா பஞ்சம்.

எட்டு மணி நேர விமானத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் தொலைபேசியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கும் ஓசை வரும். அவள் வாயை ரிசீவரிலிருந்து திருப்பிக் கேட்பாள்.

"குடிச்சீங்களா?"

"குடிக்கல."

அந்த ஒரு சொல்லைப் பதினேழு வருடம் கேட்டேன். நான் வேலை பார்க்கும் நாட்டின் மொழியில் இதைச் சொல்லவேண்டுமென்றால் எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும்: நேற்றா, இப்போதா, வழக்கமாகவேயா என்று. நம் மொழியில் அந்தத் தொல்லை இல்லை. 'குடிக்கல' என்றால் இன்றைக்குக் குடிக்கவில்லை, இப்போது குடித்துக்கொண்டிருக்கவில்லை, கடைசி ஒரு மணி நேரத்தில் குடிக்கவில்லை, எல்லாம் அதில் அடங்கும். பொய்க்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. மாட்டிக்கொண்ட நாட்களில் வேறொரு சொல்லுக்கு மாறுவார்: "விட்டுட்டேன். சத்தியமா விட்டுட்டேன்." பதினான்கு தடவை விட்டார் என்பது அக்காவின் கணக்கு. நான் பதினொன்றுக்குத்தான் சாட்சி.

சாட்சி என்றதும் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். லிப்டின் பிரேக்கைச் சோதிக்கும்போது அளவுக்கு மேல் எடை ஏற்றி, கீழே இறங்கவிட்டு, பாதியில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். அது நிற்கவேண்டும். ஒருவர் சோதிப்பார், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். மோட்டார் அறைச் சுவரில் ஒரு பரிசோதனைச் சீட்டு தொங்கும். தேதி, நேரம், நின்றதா இல்லையா, சோதித்தவர், சாட்சி என்று ஐந்து கட்டங்கள். கண்ணால் பார்க்காதவன் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அத்தான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு மொத்தக் காய்கறிச் சந்தையின் சரக்கு லிப்டுக்கு அப்படி ஒரு சோதனை. அத்தான் சாட்சியாகப் போனவர், மோட்டார் அறைக்கு வெளியே படிக்கட்டில் தூங்கிவிட்டார். சோதித்தவன் எழுப்பி, "நின்னுடுச்சு பிரேக்கண்ணே, போடுங்க" என்றான். போட்டார். மூன்று வாரம் கழித்து, எண்ணெய் ஊறிப்போன பிரேக் கட்டைகள் வழுக்கின. தர்பூசணிக் கூடைகளோடு போன லிப்ட் ஒன்றரை மாடி இறங்கி அடியில் மோதியது. கூடவே போன பழக்கடைக்காரம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பு முறிந்தது.

விசாரணையில் சோதித்தவன், "அவரும் பாத்தாரு சார்" என்றான். அத்தான், "நான் பாக்கல" என்றார். ரொம்ப வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் நிஜம் அதுதான் என்று அக்கா சொல்வாள். பரிசோதனைக்குப் போகும் தகுதியைப் பறித்து, அவரைக் கதவுகளுக்கு எண்ணெய் விடும் வேலைக்கு இறக்கினார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது துணிமணிகள் இரண்டு பைகளில் மாடிப்படிக்குக் கீழே இருந்தன.

"நான் பாக்காம கையெழுத்துப் போட்டதுக்கு ஒரு பொம்பளை கால் போச்சு" என்றார் மேலே பார்த்து.

மாடியிலிருந்து அக்கா சொன்னாள்: "நான் பாத்துப் பாத்தே பதினேழு வருஷம் போச்சு. போங்க."

பைகளை ஒரு கூட்டாளி வீட்டில் போட்டுவிட்டு அவர் நேராக மருத்துவமனைக்குப் போனார், மன்னிப்புக் கேட்க. பழக்கடைக்காரம்மாள் கட்டுப்போட்ட காலை உயரத் தொங்கவிட்டபடி படுத்திருந்தாள். அவர் அழுதார். அவள் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"குடிச்சிருக்கியா?"

"குடிக்கல."

"எனக்கேவா? நான் தூக்க மாத்திரையை முறுக்கு மாதிரி மென்னு தின்னவ. உன் வாசனையே சொல்லுது. அழுகையை நிறுத்துய்யா லிப்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குச் சபையில ஒரு கூட்டம் இருக்கு. என் காலை உடைச்சது நீ, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போறதும் நீதான்."

"மன்னிச்சுட்டீங்களாம்மா?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல தள்ளு."

அந்த அம்மாள்தான் அவரைப் பத்து நாள் மருத்துவமனையிலேயே படுக்கவைத்து, கை நடுக்கமும் பயமும் தணியும்வரை இன்னொரு வார்டிலிருந்து ஆள் விட்டு விசாரித்தவள். வெளியே வந்ததும் அவர் தள்ளினார். சபைக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில், குடியையோ மாத்திரையையோ விடப் பார்க்கிறவர்களின் கூட்டம். சுவரில் மழலைகள் வரைந்த பேழை, பைபிள் வெள்ளத்தில் விலங்குகளை ஏற்றிய கப்பல். அதில் யானையைவிடப் பெரிய எலி. நாற்காலிகள் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆனவை. அதில் ஒரு சலூன்காரர், ஒரு வங்கி அதிகாரி, ஒரு பேருந்து ஓட்டுநர் எல்லோரும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் உள்ளே போகவில்லை. சக்கர நாற்காலியை விட்டுவிட்டு வாசற்படியில் நின்றார். இரண்டு மாதம் அப்படித்தான் நின்றார்.

அவர் எப்போது உள்ளே போய் உட்கார்ந்தார் என்று கேட்டால் சிரிப்பார். "கால் வலிச்சுது மச்சான்" என்பார். வெளிச்சம் இறங்கியது, குரல் கேட்டது என்றெல்லாம் அவர் சொன்னதே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை எனக்குத் தொலைபேசியில் சொன்னார். கூட்டத்தின் முடிவில் எல்லோரும் எழுந்து, ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வார்களாம். அவர் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொன்ன ஜெபம். ஒரு செவ்வாய்க்கிழமைதான் அதில் ஒரு சொல் காதில் விழுந்ததாம்.

"சோறு கேக்கறப்பக்கூட இன்னிக்கு மட்டும்தான் கேக்கச் சொல்லியிருக்காரு, கவனிச்சியா? நாளைக்கும் சேத்துக் கொடுன்னு கேக்கச் சொல்லல. நான் இத்தனை வருஷமா ஆயுசு முழுக்க விட்டுட்டேன், ஆயுசு முழுக்க விட்டுட்டேன்னு கத்திக்கிட்டு இருந்தேன். அவ்வளவு பெரிய எடையை எந்தப் பிரேக்கு தாங்கும்?"

"அப்ப நீங்க எப்படி ஜெபம் பண்றீங்க?"

"சிரிக்கக்கூடாது."

"சிரிக்கல."

"ஆண்டவரே, இன்னிக்குக் கரண்ட் வேணாம். அவ்வளவுதான். பிடிச்சுக்கிட்டு இருக்கறது அவரு. நான் கரண்டைக் கொடுத்து விட வைக்காம இருந்தாப் போதும்."

நான் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. போனை வைத்த கையோடு அக்காவைக் கூப்பிட்டு, "நிஜமா இருக்குமா?" என்று கேட்டேன். "எந்த மாசத்துக் கதை இது?" என்றாள் அவள்.

சபைக் கூடத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள் அடுக்கும் அறையில் ஒரு மூலையைப் போதகர் அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். இருநூறு நாற்காலிகளும் ஒரு கட்டிலும். பழக்கடைக்காரம்மாள் நடக்க ஆரம்பித்த பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் அவர் யாரையாவது தள்ளிக்கொண்டோ தாங்கிக்கொண்டோ வந்தார். மருத்துவமனையில் புதிதாக நடுங்கிக்கொண்டு கிடப்பவர்களின் பக்கத்தில் போய் உட்காருவதும் அவர் வேலையாயிற்று. அறிவுரை சொல்லமாட்டார். தண்ணீர்த் தம்ளரை அவர்கள் வாயருகே பிடித்துக்கொள்வார்.

பழைய பரிசோதனைச் சீட்டு ஒன்று, எழுதாதது, அவரிடம் இருந்தது. அதில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதினார். தேதி, நேரம், 'நின்றது', கையெழுத்து. கடைசிக் கட்டம் காலி. சீட்டு தீர்ந்து இன்னொன்று, அதுவும் தீர்ந்து இன்னொன்று. எல்லாவற்றிலும் கடைசிக் கட்டம் காலி.

பதினோராவது மாதம் நான் இரண்டு வார விடுப்பில் போனேன். போகும்போது விமானத்தில் ஒரு நிமிடம் கண் மூடவில்லை. எந்த நேரமும் எல்லாம் கலைந்து போகும், நான் இறங்குவதற்குள் அவர் எங்காவது படிக்கட்டில் கிடப்பார் என்றே தோன்றியது. அவர் விமான நிலையத்தில் சவரம் செய்த முகத்தோடு நின்றார். கட்டிக்கொண்டபோது நான் மூச்சை இழுத்து முகர்ந்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா இழு மச்சான். உங்க அக்காவுக்கும் சேத்து இழு" என்றார்.

அக்காவின் நிபந்தனை எனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அத்தான் சாட்சி சொல்லப்போகிறார். ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வதைச் சபையில் சாட்சி என்பார்கள். அக்கா வந்து கேட்பாள். 'விட்டுவிட்டேன்' என்று அவர் இருநூறு பேர் முன்னால், மைக்கில், சொல்லவேண்டும். சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

"வீட்டுக்குள்ள சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சு" என்றாள் என்னிடம். "கோயில்ல வச்சுப் பொய் சொல்ல மாட்டாருல்ல?"

ஒரு சொல். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவர் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன்.

அக்கா கடைசி வரிசையில், எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போதகர் மூன்று நிமிடம்தான் என்று சொல்லி மைக்கைக் கொடுத்தார். அத்தான் முதலில் மைக்கின் ஒயரைப் பார்த்தார். பிளக் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பழைய பழக்கம். பிறகு படிக்கட்டில் தூங்கியதைச் சொன்னார். பழக்கடைக்காரம்மாவின் காலைச் சொன்னார். "அந்த அம்மா இன்னும் மன்னிச்சுட்டேன்னு சொல்லல" என்றதும், மூன்றாவது வரிசையிலிருந்து "பரிசீலனையில இருக்கு!" என்று ஒரு குரல். சபையே சிரித்தது. அக்காவின் முகத்திலும் ஒரு அசைவைப் பார்த்தேன். முடிந்துவிட்டது, இனி ஒரு சொல்தான் என்று நினைத்தேன்.

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குக் காலையில எழுந்ததுல இருந்து குடிக்கல. இப்ப மணி பத்தே முக்கால். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

மைக்கை நீட்டினார். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

போதகர் நல்லவர். கைகொடுத்துத் தூக்கிவிடத்தான் பார்த்தார். "கர்த்தர் பிரதரைப் பூரணமா விடுவிச்சுட்டாரு, இல்லையா பிரதர்?"

"விடுவிச்சுக்கிட்டு இருக்காரு, போதகரே."

"பழசையெல்லாம் விட்டுட்டீங்க, இல்லையா?"

அத்தான் கடைசி வரிசையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அந்தச் சொல்லின் விலை மூன்றாவது மாடியில் ஒரு வீடு, ஒரு கட்டில், ஒரு மனைவி. உதடு பிரிந்தது. பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நாளைக்கு நான் இன்னும் பாக்கல" என்றார். "பாக்காததுக்குக் கையெழுத்துப் போட முடியாது."

அக்காவின் நாற்காலி மடங்கி விழுந்த ஓசை கேட்டது.

வாசலில் அவளைப் பிடித்தேன். கார் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு தடவை பொய்யாச் சொல்ல வாய் வந்துச்சுல்ல? இப்ப ஒரே ஒரு தடவை சொல்றதுக்கு வாய் வரலையா?"

"பொய் சொல்லக்கூடாதுன்னுதான் அக்கா அவரு..."

"அப்ப பொய்தானா? விடலையா?"

"அப்படி இல்ல."

"எப்படிடா? எப்படி? நீ ரெண்டு பாஷை படிச்சவன்தானே. ஏதாவது ஒரு பாஷையில எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகுதான் அத்தான் காரணத்தைச் சொன்னார், நாற்காலி அறையில் கட்டிலில் உட்கார்ந்து. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்தாரே அந்தச் சலூன்காரர், அவர் ஆறு மாதத்துக்கு முன் அதே மைக்கில் சாட்சி சொன்னாராம். அழகாகப் பேசுவார். 'விட்டுவிட்டேன்' என்றபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த மாதம் ஒருநாள் தடுக்கி விழுந்தார், குடித்துவிட்டார். ஒருநாள்தான். ஆனால் அதை வந்து சொல்ல முகமில்லை. கைதட்டியவர்கள் முன்னால் எப்படி வருவது? சபையில் சிலர் 'பின்மாற்றக்காரன்' என்றார்கள், விசுவாசத்திலிருந்து வழுவினவன் என்று. அத்தான் போய்க் கதவைத் தட்டினார், இரண்டு தடவை. மூன்றாவது தடவை போனபோது, உள்ளேயே குடித்துக் கிடந்தவருக்கு அடக்கம் முடிந்திருந்தது.

"அந்தக் கைதட்டல்தான் மச்சான் அவரை வெளியில வச்சுப் பூட்டிடுச்சு" என்றார். "எனக்கு வீடு வேணும். ஆனா விழுந்தா வந்து சொல்றதுக்கு ஒரு வாசலும் வேணும்."

நான் மறுபடி அக்காவிடம் போனேன். மறுபடி அவரிடம் வந்தேன். அந்த வாரம் முழுக்க மூன்று மாடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். லிப்ட் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தது. அதனாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை.

வியாழக்கிழமை மாலை அத்தானே வந்தார். மாடியேறி, மூச்சு வாங்கி, திறந்திருந்த கதவுக்கு வெளியே மிதியடியில் நின்றார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

அக்கா கையை நீட்டவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். நின்றது, நின்றது, நின்றது என்று கீழே வரை.

"இதென்ன, கடைசியில எல்லாம் காலியா இருக்கு?"

"அது சாட்சிக்கு."

"அதான் மைக்குல சொன்னீங்களே."

"அது சபைக்குச் சொன்ன சாட்சி, டீச்சர். இது பாத்தவங்க போடற சாட்சி." கற்றுக்கொள்கிறவர்களோடு சேர்ந்து அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நான் பாக்காததுல எப்படி நான் போடறது? நீங்கதானே பெரிய சட்டம் பேசறவரு."

"அப்ப பாரு."

"என்னத்தை?"

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் பாரு. வீட்டுக்குள்ள விடவேணாம். பாத்தா மட்டும் போதும்."

அக்கா சமையலறைக்குள் போனாள். குழாய் திறந்தது, மூடியது. வெளியே வந்து, "சனிக்கிழமை எனக்கு லீவு கிடையாது. எட்டு பேருக்கு வண்டி ஓட்டப் பழக்கணும்" என்றாள்.

"பின் சீட்டு காலிதானே?"

அப்படித்தான் என் விடுப்பின் கடைசி நாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நானும் அத்தானும் அக்காவின் பயிற்சிக் காரில் பின்னால் ஏறினோம். என்னை அழைத்தது அவள்தான். தனியாக அவரோடு இருக்க அவளுக்குப் பயம்; அதைச் சொல்லாமல், "வந்து தொலை" என்றாள்.

முதலில் வந்தது ஒரு பல் மருத்துவர். பின்னால் இரண்டு பெரிய ஆண்களைப் பார்த்ததும் தயங்கினார். "இவங்க யாரு டீச்சர்?"

"ஒருத்தர் வெளிநாடு, ஒருத்தர் இன்ஸ்பெக்ஷன். நீங்க கண்ணாடியைச் சரிபண்ணுங்க."

ஒவ்வொரு கற்றுக்குட்டியும் ஒவ்வொரு விதமாகக் குலுக்கினார்கள். ஒருவர் பிரேக் போட்டால் நாங்கள் முன் சீட்டை முத்தமிட்டுத் திரும்பினோம். "லிப்டு எவ்வளவோ தேவலை" என்றார் அத்தான். மதியம் அவள் கட்டிவந்த பொட்டலங்களை மர நிழலில் நிறுத்திச் சாப்பிட்டோம். அவருக்கும் ஒரு பொட்டலம் கட்டியிருந்தாள். அவர் கழிப்பறைக்குப் போனபோது, அவள் கண்ணைக் காட்டினாள். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர் கை கழுவிக்கொண்டே, "சரியாத்தான் செய்யறே" என்றார்.

நான்கு மணிக்கு ஏழாவது ஆள், ஒரு தையல்காரி. பயந்த சுபாவம். முனைச் சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்ததும் பதறி, எஞ்சினை அணைத்துவிட்டாள். மறுபடி முடுக்கினாள். அணைந்தது. மறுபடி. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. விளக்கு சிவப்பானது. அத்தான் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலுக்கு நேரே, இரண்டடி நடைபாதைக்கு அப்பால், ஒரு மதுக்கடை. கதவு திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. அலமாரி முழுக்க, வரிசை வரிசையாக, பிற்பகல் வெயில் பட்டு.

அவர் தலையைத் திருப்பவில்லை. ஆனால் திருப்பாமலிருக்க என்ன வேண்டியிருந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. கை, கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. இறங்கினால் நான்கு எட்டு. நான் அவர் கையைப் பிடிக்கவேண்டுமா, கதவை மறிக்கவேண்டுமா, ஏதாவது பேசவேண்டுமா, தெரியவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

உதடு அசைந்தது. "ஆண்டவரே, கரண்ட் வேணாம். கரண்ட் வேணாம்." பிறகு கொஞ்சம் உரக்க: "டீச்சர். என் மேல இருந்து கண்ணை எடுக்காத."

பயிற்சி வண்டியில் அக்காவுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி உண்டு, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க. அவள் அதைப் பிடித்துத் திருப்பினாள். அவள் கண்கள் இரண்டும் அதில் தெரிந்தன. விளக்கு மறுபடி பச்சையானது; பின்னால் ஹாரன் கத்தியது. தையல்காரி, "டீச்சர், ரோட்டைப் பாக்கலையா? டீச்சர்?" என்று அழமாட்டாக் குறையாகக் கேட்டாள்.

"ரோட்டை நீ பாரு" என்றாள் அக்கா. "கிளட்ச்சை மெதுவா விடு. அவசரமே இல்ல. மெதுவா."

அவள் யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி ஒருமுறை குலுங்கி நகர்ந்தது. அவள் கண்ணாடியைத் திருப்பி வைக்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குக் கீழே வண்டி நின்றது. அக்கா ஓட்டுநர் பக்கம் மாறாமல் தன் இடத்திலேயே இருந்தாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்த எட்டாவது ஆள் நன்றி சொல்லி இறங்கிப் போனார். அத்தான் சீட்டையும் பேனாவையும் முன்னால் நீட்டினார். அன்றைய வரியை எழுதியிருந்தார். 'நின்றது.'

அக்கா அதை முழங்கால் மேல் வைத்துப் படித்தாள். பிறகு கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே, இடமில்லாமல் நெருக்கி, 'காலை 7 முதல் மாலை 7 வரை' என்று எழுதினாள்.

அத்தான் வாங்கிப் பார்த்தார். "மீதி பன்னெண்டு மணி நேரம்?"

"அதை நான் பாக்கல."

"சரிதான்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் ஒரு மெக்கானிக்கின் திருப்தியும் இருந்தது. சீட்டை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டினார். "காலையில விமான நிலையத்துக்கு வந்துடறேன் மச்சான்." இறங்கி, சபை இருக்கும் தெருவைப் பார்த்து நடந்தார்.

அக்கா அவரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். நானாவது கூப்பிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நான் போய்விடுவேன். கூப்பிட்டுவிட்டுப் போய்விடுகிற உரிமை எனக்கு இல்லை. அவர் முனையில் திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் அப்போது திருப்பிய அதே கண்ணாடியில், நான் ஜன்னல் வழியாக.

அவள் கால் இன்னும் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"வண்டி அணைஞ்சுதானே இருக்கு. காலை எடு அக்கா" என்றேன்.

"தெரியும்" என்றாள். எடுக்கவில்லை.